பதில் வருகிறது என்று சொன்னேன்

ஜூன் 3, செவ்வாய்

காத்திருப்புக் கூடத்து டிவி இன்று காலமானது. கழற்றி, துணி சுற்றி, பின்வாசல் வழியாகத் தூக்கிப்போனார்கள். இறப்புக்குக் காரணம் பழுது என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையான காரணம் நான்.

எனக்கு நானே வாக்குமூலம் கொடுத்துக்கொள்கிறேன். பள்ளி நாலு மணிக்கு விடும். அம்மாவுக்கு ஆறு மணிக்குத்தான் வேலை முடியும். நடுவில் இரண்டு மணி நேரம் கண் மருத்துவமனையின் முதல் மாடியில், அம்மாவின் அறையில், நான் வீட்டுப்பாடம் எழுதுவதாக ஐதீகம். அம்மா அங்கே நெட்வொர்க் நிர்வாகி. அந்தக் கட்டடத்தில் எந்தக் கணினி எந்தக் கணினியோடு பேசவேண்டுமானாலும் அம்மா வைத்த ஒழுங்கில்தான் பேச வேண்டும். வீட்டில் எங்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. ஜனவரியில் ஒருநாள், நெட்வொர்க் வழியாகவே படம் காட்டும் அந்த டிவியின் எண்ணைப் பார்த்து அதையே என் பழைய லேப்டாப்புக்கும் கையால் போட்டுவைத்தேன். ஒரே தெருவில் ஒரே எண்ணில் இரண்டு வீடு. தபால்காரர் தலையைச் சொறிவார். நான் வைஃபையை ஆன் செய்தால் டிவி உறையும், ஆஃப் செய்தால் உயிர் வரும். தொடரில் கதாநாயகிக்கு அறை விழப்போகும் நேரமாகப் பார்த்து ஆன் செய்வேன். கை அந்தரத்தில் நிற்கும். மருந்துக் கவுன்டர் அண்ணன் (நான் வைத்த பெயர் மாத்திரை) ஓடிவந்து டிவியின் மண்டையில் ஒன்று போடுவார். கதாநாயகிக்கு விழவேண்டிய அறை டிவிக்கு விழும். ஐந்து மாதம், வாரம் இரண்டு முறை.

கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருக்கிறது. சொட்டு மருந்து அளவு. ஒரு கண்ணுக்கு மட்டும்.

ஜூன் 6, வெள்ளி

புது ரிப்போர்ட் சர்வர் வந்திருக்கிறது. நோயாளிகளின் கண் படங்கள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் இனி அதற்குள். டாக்டர் அறைகளும் கவுன்டரும் அதிலிருந்துதான் எடுத்துப் பார்க்க வேண்டும். திரை கிடையாது, சத்தம் கிடையாது, பின்னறையில் பூட்டி வைத்தாயிற்று. அம்மா தன் பட்டியலில் காலியாக இருந்த ஒரு எண்ணை அதற்குக் கொடுத்தாள். பட்டியல் என்றால் அம்மாவுக்கு உயிர். பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தவள். ஆறு மாதச் சோதனைக் காலம் இந்த முப்பதாம் தேதி முடிகிறது. நாள்காட்டியில் முப்பதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். மிக உருண்டையான வட்டம்.

ஜூன் 9, திங்கள்

மாலை நாலு இருபதுக்கு இரண்டாம் டாக்டர் அறையில் ரிப்போர்ட் வரவில்லை. கவுன்டரில் வந்தது. பத்து நிமிடத்தில் அங்கே வந்தது, இங்கே போனது. அம்மா மாடிக்கும் கீழுக்கும் பதினான்கு முறை ஏறி இறங்கினாள், நான் எண்ணினேன். ஆறு மணிக்குத் தானாகச் சரியாயிற்று.

பேய்க்கும் அலுவலக நேரம் இருக்கிறது போல என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மறுபடியும். இன்று நானும் களத்தில் இறங்கினேன்.

அம்மாவின் முறை அடியிலிருந்து மேலே போவது. மின்சாரம் வருகிறதா, கேபிள் செருகியிருக்கிறதா, செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா, எண் சரியா, கடைசியாகத்தான் மற்றதெல்லாம். எல்லாம் சரி. அப்புறம் பிங். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றை அதன் எண்ணைச் சொல்லி, இருக்கிறாயா என்று கூப்பிட்டுப் பார்ப்பது. கவுன்டரிலிருந்து சர்வரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. அம்மா ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி என்னிடம் நீட்டினாள்.

"உன் லேப்டாப்லேருந்து கூப்பிட்டுப் பாரு. வருதா?"

"வருதும்மா. கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுது. ரொம்ப மரியாதையான மெஷின்."

அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், என் லேப்டாப் வைஃபையில் இருக்கிறது, மற்ற எல்லாம் வயரில் இருக்கின்றன என்று. எனக்கு மட்டும் பதில் வருகிறதென்றால் சர்வர் நன்றாக இருக்கிறது, கோளாறு வயரில். துப்பறிவாளரின் உதவியாளர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூன் 11, புதன்

ஸ்பெஷல் கிளாஸ், மருத்துவமனைக்குப் போகவில்லை. இன்று ஒரு பிரச்சினையும் இல்லையாம். பேய் என்னைப் பார்க்காமல் ஏங்கியிருக்கும்.

ஜூன் 12, வியாழன்

கட்டடம் முழுக்கக் கேபிள் இழுத்தவர் கம்பி மாமா. வேலையில் கம்பி நீட்டாத ஒரே ஆள் என்பதால் அந்தப் பெயர். அம்மாவை விடப் பெரியவர், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். இன்று அவரை வரவழைத்தார்கள். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் சோதனைக் கருவியைச் செருகினார். உள்ளே இருக்கும் எட்டு நூல் கம்பிக்கும் ஒன்றாக, எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன, எல்லாக் கேபிளிலும்.

"என் வயர்ல ஒண்ணும் இல்லம்மா. வேற எங்கயாவது பாருங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பிங் போட்டேன். பதில் வந்தது. அதே நிமிடம் கவுன்டரில் வரவில்லை. மாமாவும் பார்த்தார். சோதனைக் கருவியைப் பைக்குள் வைத்தார்.

லிஃப்டின் மின்கம்பியை ஒட்டி ஓர் இடத்தில் கேபிள் போகிறது. மாலையில் லிஃப்ட் அதிகம் ஓடும், அதன் இரைச்சல் கேபிளில் ஏறுகிறது என்று அம்மா முடிவுக்கு வந்தாள். கேட்கக் கச்சிதமாக இருந்தது. கீழே ஒரு வயதான லாரி டிரைவர் மூன்றாவது மாலையாக ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார். அது இல்லாமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்க மாட்டார்களாம். ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே டிவிகூட இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மேலாளர் காரணத்தை எழுத்தில் கேட்டார். எப்போதும் அக்குளில் ஒரு கோப்போடு அலைவார், அதனால் அவர் பெயரே கோப்பு. அம்மா ஒரு பக்கம் எழுதினாள். கேபிள் போட்ட வழி தவறு, வைஃபை வழியாகச் சோதித்ததில் சர்வர் தொடர்ந்து பதில் தருகிறது, எனவே கோளாறு கேபிள் வேலையில். கையெழுத்து.

மாமாவின் ஒப்பந்தம் ரத்து. அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது அம்மா, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றாள். "நீங்க பாத்ததத்தானேம்மா எழுதுனீங்க" என்றார்.

பார்த்தது அம்மா இல்லை. நான்.

ஜூன் 15, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

காலை பத்து மணி. அப்பாவுக்குப் பேருந்து ஓட்டும் வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. சோபாவில் படுத்திருந்தார். நான் லேப்டாப்பில் ஏதோ செய்யப்போய் மேல் அம்புக்குறியைத் தட்டி எண்டரை அழுத்திவிட்டேன். போன வாரம் போட்ட பிங் மறுபடி ஓடியது.

பதில் வந்தது.

வீட்டில். மருத்துவமனையிலிருந்து நாலு பேருந்து நிறுத்தம் தள்ளி. பூட்டிய பின்னறைக்குள் இருக்கும் சர்வர் எங்கள் ஹாலில் பதில் சொல்கிறது. பதில் சொல்லுதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"என்னடி, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார் அப்பா. "யாரு பதில் சொல்றா?"

யார் பதில் சொல்கிறார்கள்? என் லேப்டாப்பின் எண்ணை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரே எண்.

டிவி போனது. அதன் எண் காலியானது. காலியான எண்ணை அம்மா சர்வருக்குக் கொடுத்தாள். என் லேப்டாப் ஜனவரியிலிருந்து அந்த எண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறது. டிவி போனதும் நான் எண்ணை மாற்றினேனா? இல்லை. உறைய வைக்க ஆள் இல்லை என்று வைஃபையை எந்நேரமும் ஆனிலேயே விட்டுவிட்டேன். நாலு மணிக்குப் போகிறேன், ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். பேயின் அலுவலக நேரம்.

கேட்பதற்கு முன்பே பதில் சொன்னதே, ஏன்? நான் என்னையே கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு நாள் என் வாசலை நானே தட்டி, நானே உள்ளேயிருந்து இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை நம்பி அம்மா கையெழுத்துப் போட்டாள். அதனால் மாமா போனார்.

அப்பாவிடம் தலைவலி என்றேன்.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்குப் போகும் முன்பே லேப்டாப் தன் எண்ணைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். அவ்வளவுதான், முடிந்தது, இனி யாருக்கும் தொல்லை இல்லை என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேறு ஒரு குழு வந்து லிஃப்டை விட்டு விலக்கிப் புதுக் கேபிள் போட்டிருக்கிறார்கள். இன்று மாலை ஒரு ரிப்போர்ட்டும் நிற்கவில்லை. கோப்பு நேரில் வந்து அம்மாவுக்குக் கை கொடுத்தார். அம்மா சொன்னது சரியாகப் போயிற்று, அந்த ஆளின் வேலைதான் மோசம் என்றார்.

நான் கோளாறைச் சரிசெய்யவில்லை. மாமாவின் மேல் பழியை ஆணி அடித்து இறுக்கியிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிரச்சினை இல்லை. ஒவ்வொரு நாளும் பிரச்சினை இல்லாமல் இருப்பது பெரிய பிரச்சினை.

ஜூன் 19, வியாழன்

பணி நிரந்தரம் ஏறக்குறைய உறுதி என்று கோப்பு சொல்லிவிட்டாராம். அம்மா வரும் வழியில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் முன்பல் இரண்டும் தெரிய நான் பார்த்து எத்தனை நாளாயிற்று?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். என்ன என்றாள். பசிக்குது என்றேன்.

சொன்னால் என்ன ஆகும்? வெளி ஆளின் லேப்டாப்பை மருத்துவமனை நெட்வொர்க்கில் சேர்க்கக் கூடாது என்று விதி. அந்த விதியை எழுதி ஒட்டியதே அம்மாதான். மகள் என்று எனக்கு மட்டும் விட்டாள். சொன்னால் அம்மாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் மாமாவின் பெயர் போனது போனதுதான். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் கணக்குப் பாடம் எழுதுகிறேன். ஏழாவது கணக்கு மட்டும் நாலு முறை எழுதியிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

பேருந்து நிறுத்தத்தில் கம்பி மாமா. கையில் பை இல்லை. அந்த மனிதரைப் பை இல்லாமல் பார்த்ததே இல்லை, ஒரு தோள் மட்டும் பழக்கத்தில் தாழ்ந்தே இருந்தது. ஓடி ஒளியலாம் என்று பார்த்தேன், கூப்பிட்டுவிட்டார்.

"அம்மா நல்லாருக்காங்களா? லைன் இப்ப சரியா வருதா?"

"வருது மாமா."

தலையாட்டினார்.

"அப்ப என் கையிலதான் எங்கயோ தப்பு. கண்ணும் முன்ன மாதிரி இல்ல பாரு. உள்ள எட்டு நூல் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு கலர். பச்சையையும் நீலத்தையும் மாத்திட்டேனோ என்னமோ. வேற ரெண்டு எடத்துல கூப்டாங்க. வேணாம்னுட்டேன். தெரிஞ்சே போயி அடுத்தவங்க எடத்தக் கெடுக்கக் கூடாதில்ல."

எட்டு விளக்கும் எரிந்ததே மாமா, நான் பார்த்தேனே. இதை நான் சொல்லவில்லை. அவர் பேருந்து வந்தது, ஏறிப்போனார். ஒரு வார்த்தை. வாயில் இருந்தது. வரல. ஏன் வரல எனக்கு?

அவர் தன் கையையே நம்பாமல் போய்விட்டார். அந்த நம்பிக்கையை வேறு யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை, நான்தான்

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், டிவி, எண், பிங், திங்கட்கிழமை நான் ரகசியமாக மாற்றியது, மாமா நேற்றுச் சொன்னது. நடுவில் எங்கேயோ அழ ஆரம்பித்து மூக்கு அடைத்து, பாதி வார்த்தை எனக்கே புரியவில்லை. அம்மா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பதில் எத்தனை நேரத்துல வந்துச்சு? நம்பரா சொல்லு."

சொன்னேன். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுகூட இல்லை.

"வைஃபைல அவ்வளவு சீக்கிரம் வராதே" என்றாள். "நான் அதக் கேக்கவே இல்லையே." அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தாள். மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

ஜூன் 23, திங்கள்

மாலை ஆறு மணி, நோயாளிகள் எல்லாரும் போனபிறகு. அம்மா கவுன்டர் கணினியில், நான் மாடியில் லேப்டாப்போடு, கையில் ஆளுக்கொரு ஃபோன். பழைய எண்ணை மறுபடி போடச் சொன்னாள். ஆன் என்றாள், ஆன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் கவுன்டரில் ரிப்போர்ட் நின்றது. ஆஃப். சிறிது பொறுத்து வந்தது. மூன்று முறை. மூன்று முறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

கடைசியாக என்னையும் லேப்டாப்போடு வரச் சொல்லி, பின்னறையைத் திறந்து சர்வரின் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஆன் பண்ணிட்டு இப்பக் கூப்பிடு."

பதில் வந்துகொண்டே இருந்தது. வரிவரியாக. ஒரு கையில் கேபிளின் முனையோடு அம்மா என் திரையை வெகுநேரம் பார்த்தாள். நிறுத்துடி என்று சொல்வதற்குள் நாற்பது வரி ஓடிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

அம்மா புது அறிக்கை கொடுத்துவிட்டாள். என்னிடம் படிக்கக் கொடுத்தாள். என் பெயர் இருக்கும் என்று தேடினேன். ‘என் அனுமதியுடன் இணைக்கப்பட்ட வெளி லேப்டாப்’ என்றுதான் இருக்கிறது. கேபிள் வேலையில் எந்தக் குறையும் இருந்ததில்லை என்ற வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறாள்.

கோப்பு இரண்டு முறை படித்தாராம். இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே என்றாராம். அவருக்குத் தெரிஞ்சாகணும் சார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் என்றால் மாமா. கோப்பின் அறையிலிருந்தே மாமாவுக்கு ஃபோன் போட்டுப் பேசியிருக்கிறாள்.

நான் இனி மருத்துவமனைக்குள் நுழையக் கூடாது. நியாயம்.

ஜூன் 26, வியாழன்

மாமாவின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அம்மா கூட வரட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். கதவைத் திறந்தவர் மாமாவின் மனைவி. யாரு என்று கேட்டதற்கு, உங்க வீட்டுக்காரர் வேலை போனதுக்குக் காரணம் என்று பதில் சொல்லிவிட்டேன். பயத்திலும் வாய் அடங்குவதில்லை எனக்கு. அந்த அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமா வந்தார். மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "பதினோரு நாள். தினம் எட்டு நூலையும் எடுத்து வெச்சுக்கிட்டு இவளக் கூப்பிட்டு, இது பச்சையா நீலமான்னு கேட்டுட்டு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேசையில் வெட்டிய நூல்கள் சின்னச் சின்னதாய்க் கிடந்தன. எல்லாம் சரியான வரிசையில்.

நாளை மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம், போகிறாராம். போய்ட்டு வா என்றார் என்னிடம். போ என்று சொல்லவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

கடிதம் வந்தது. இரண்டே வரி. தங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். பணி நீட்டிக்கப்படவில்லை. முதல் வரியில் பூ, இரண்டாம் வரியில் காது.

அம்மா ஒரு துணிப்பையோடு வந்தாள். தண்ணீர் பாட்டில், ஸ்டேப்ளர், ஒரு ஜோடி செருப்பு. பட்டியலைப் புதிதாக வருபவருக்கு விட்டுவிட்டு வந்தாளாம். நான் சொன்ன பூ, காது ஜோக்குக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. அப்பா பேருந்து டிக்கெட் மாதிரி அந்தக் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா வீட்டில். வீடு மிகச் சுத்தமாக இருக்கிறது. தாங்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

இன்று எட்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். முந்தின வேலையை விட்டதற்குக் காரணம் என்ற கட்டத்தை நிரப்பும்போது மட்டும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலை 17, வியாழன்

அம்மாவுக்கு ஓர் அச்சகத்தில் நேர்காணல். காலையில் போனவள் மூன்று மணிக்கு வந்தாள். நான் பள்ளி விட்டு வந்தபோது இன்னும் வெளியே போன உடையிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்டார்கள் என்றேன்.

"நீங்க பாத்ததுலயே கஷ்டமான கோளாறு எதுன்னு கேட்டாங்க."

"அதச் சொன்னியா?"

"வேற எத சொல்றது?"

"யாரு பண்ணினதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஒரே ஒரு மெஷின் சொன்னத வெச்சு, இன்னொண்ணுல பாக்காம, ஒரு மனுஷன் பேர எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்னு சொன்னேன்."

என்னைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்க வாயெடுத்தேன். சொல்லவில்லை என்று அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் பேனாவ மூடி வெச்சுட்டு, அந்த வயர்காரர் இப்ப எப்படி இருக்காருன்னு கேட்டார்." குனிந்து செருப்பைக் கழற்றினாள். "திங்கக்கெழம எட்டரைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அச்சகம் ஊரின் மறு கோடியில் இருக்கிறது. திரும்பி வர ஏழு மணி ஆகுமாம். கைப்பையைத் துழாவி, வரும் வழியில் வெட்டிக்கொண்டு வந்த வீட்டுச் சாவி ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். உலோகத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைச் செய்யாதே, அதைத் தொடாதே என்று வரும் என்று நின்றேன். எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.